வண்ணக்கண்ணாடியில் ஒரு பேருந்து: எங்கே வெட்டுவது, எங்கே விளக்கு வைப்பது?

கேள்வி இதுதான்: இரண்டு வருடமாக வண்ணக்கண்ணாடியில் தட்டையான சன்னல் பலகைகள் செய்து கை பழகிவிட்டது. இனி பேருந்து, சிக்னல், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, பாதாளச் சாக்கடை மூடி என்று தெருவில் தினமும் பார்க்கிற பொருள்களை நிற்கிற சிற்பமாகச் செய்ய ஆசை. எதில் தொடங்கலாம், ஈயப்பட்டியா செப்பு நாடாவா, விளக்கை எங்கே வைப்பது, வெளியில் வைத்தால் தாங்குமா? கூடவே ஒரு சந்தேகம்: கடைசியில் இது பொம்மை செய்வதுபோல ஆகிவிடாதா?

என் முதல் பேருந்து மடிந்துபோன கதையிலிருந்து தொடங்குகிறேன். பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

நீளம் 60 செ.மீ., உயரம் 20, அகலம் 15. பக்கச் சுவரை மூன்று பட்டைகளாகப் பிரித்திருந்தேன். கீழே சிவப்பு, நடுவில் வெளிர்நீலச் சன்னல் வரிசை, மேலே தந்த நிறத்தில் ஒரு மெல்லிய பட்டை. தாளில் வரைந்தபோது கச்சிதமாக இருந்தது. எல்லாத் துண்டின் விளிம்பிலும் செப்பு நாடா சுற்றி, பற்றாசு (உருக்கி ஒட்டவைக்கும் ஈயக் கலவை) வைத்து, நான்கு சுவரையும் கூரையையும் சேர்த்து, துடைத்து, மேசையிலிருந்து கூரையைப் பிடித்துத் தூக்கினேன். சன்னல் வரிசைக்குக் கீழே ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். அப்புறம் பக்கச் சுவர் அந்தக் கோட்டிலேயே, புத்தகம் மூடுவதுபோல, நிதானமாக உள்ளே மடிந்தது. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. பற்றாசும் விடவில்லை. நாடாதான் கண்ணாடியை விட்டு உரிந்து வந்திருந்தது. செப்பு நாடா கண்ணாடியில் ஒட்டியிருப்பது வெறும் பசையால்தான் என்பதை அன்றைக்குத்தான் உடம்பில் படும்படி புரிந்துகொண்டேன்.

காரணம் எளிது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடையில்லாமல் ஓடுகிற நேர்கோடு எதுவானாலும் அது கதவின் கீல்தான். சட்டத்துக்குள் இருக்கிற சன்னலில் இது தெரியாது, சட்டம் தாங்கிக்கொள்ளும். சிற்பத்துக்குச் சட்டம் கிடையாது.

மறுநாள் ஒரு நிஜப் பேருந்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சன்னலுக்கும் சன்னலுக்கும் நடுவில் இருக்கிற தூண், சன்னலோடு நின்றுவிடுவதில்லை. தரைச்சட்டத்தில் தொடங்கி, சுவர் வழியாக ஏறி, கூரைக்குப் போய், அந்தப் பக்கம் இறங்குகிறது. வரிசையாக நிறுத்திய வளையங்கள்தான் பேருந்தின் எலும்பு. தகடும் கண்ணாடியும் அதன்மேல் போர்த்தியவை. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற வண்ணப்பட்டைகளைப் பார்த்து நான் வெட்டியிருந்தேன். பேருந்தைத் தாங்குவது அவை அல்ல. இரண்டாவது முறை நிமிர்கோடுகளைத் தரையிலிருந்து கூரைவரை விடாமல் ஓடவிட்டு, கிடைக்கோடுகளை ஒவ்வொரு தூணிலும் நிறுத்தி, அடுத்த கட்டத்தில் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ தொடங்கினேன். ஒவ்வொரு நிமிர்கோட்டின் உட்புறத்திலும் ஒரு மெல்லிய பித்தளைக் கம்பியை வைத்துப் பற்றவைத்தேன். அந்தப் பேருந்து இன்றும் நிற்கிறது.

ஆகவே நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: பொருள் எப்படித் தெரிகிறது என்று பார்த்து வெட்டாதீர்கள், எப்படிக் கட்டியிருக்கிறது என்று பார்த்து வெட்டுங்கள். பூவையோ பறவையையோ கண்ணாடியில் செய்யும்போது வெட்டுக்கோடு ஒரு தொல்லை; இயற்கையில் அந்தக் கோடு கிடையாது, எங்காவது ஒளித்துவைக்க வேண்டும். நகரத்துப் பொருள் அப்படியில்லை. இரும்புத் தகடு, ரிவெட்டு, இணைப்புப் பட்டை, சட்டம், கம்பி என்று ஏற்கெனவே துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்த பொருள்தான் அது. கோடு அதற்குச் சொந்தம். தெருப்பொருள் இந்தக் கலைக்கு இவ்வளவு பொருந்துவதற்கு முதல் காரணமே இதுதான் என்பேன்.

ஈயப்பட்டியா செப்பு நாடாவா என்பதற்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். இரண்டு பக்கப் பள்ளத்திலும் கண்ணாடியைச் செருகிப் பிடிக்கிற ‘எச்’ வடிவ ஈயப்பட்டி மென்மையானது, தன் கனத்திலேயே காலப்போக்கில் தொய்யும். தட்டையான பெரிய பலகைக்கு அது நல்லது. மூலை திரும்புகிற, பெட்டி மாதிரியான வேலைக்குச் செப்பு நாடாதான். விளிம்பில் மட்டும், அதாவது பேருந்தின் அடிச்சட்டத்தில், துத்தநாகப் பட்டியோ பித்தளைப் பட்டியோ வைக்கலாம். கனத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு ஏழரைக் கிலோ. என் பேருந்தின் நான்கு சுவரும் கூரையும் சேர்ந்து 0.39 சதுர மீட்டர். கண்ணாடி மட்டுமே கிட்டத்தட்ட மூன்று கிலோ, பற்றாசு தனி. தொங்கவிடுவதாக இருந்தால் கொக்கியை விளிம்பு நாடாவில் வைக்கவே கூடாது, உரிந்துவிடும். கோடுகள் கூடுகிற இடத்தில், முடிந்தால் உள்ளே ஓடும் கம்பியோடு சேர்த்து வையுங்கள்.

எதில் தொடங்குவது? எல்லோரும் சிக்னலில் தொடங்குகிறார்கள். ஒரு பெட்டி, மூன்று வட்டம், முடிந்தது என்று தோன்றும். அந்த வட்டங்களுக்கு மேல் குல்லா மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற மறைப்பை மறந்துவிடுகிறார்கள். கண்ணாடி தட்டை, வளைக்க வேண்டுமென்றால் உலையில் 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி அச்சில் இறக்க வேண்டும், இல்லையென்றால் குறுகலான பட்டைகளாக வெட்டி முகம் முகமாகச் சேர்க்க வேண்டும். குல்லாவை விட்டுவிட்டால் அது சிக்னலாகவே தெரியாது, சாக்லேட் பெட்டியாகத் தெரியும்.

தண்ணீர்த் தொட்டியும் அப்படித்தான். உருளையை 12 பட்டைகளால் கட்டினால் ஒவ்வொன்றும் அடுத்ததோடு 30 டிகிரி திரும்பும். பன்னிரண்டு பட்டைக்கு 24 ஓரங்கள். ஓரத்துக்குக் கால் மில்லிமீட்டர் பிசகினால் கடைசியில் 6 மி.மீ. நிற்கும், ஒன்று பட்டை நுழையாது, இல்லையென்றால் ஓட்டை விழும். மேலே கூம்புக் கூரை வேறு. ஆகவே கடைசிப் பட்டையை முன்கூட்டியே வெட்டாதீர்கள். பதினொன்றையும் சுற்றி ஒட்டுநாடாவால் நிறுத்திவிட்டு, மிச்சமிருக்கிற இடைவெளியை அளந்து பன்னிரண்டாவதை வெட்டுங்கள்.

என்னைக் கேட்டால் பேருந்து நிறுத்தத்து நிழற்குடையில் தொடங்குங்கள். மூன்று சுவர், ஒரு கூரை, ஒரு இருக்கை, எல்லாமே தட்டை. நிஜத்திலேயே இரும்புச் சட்டமும் கண்ணாடியும்தான். ஒரு பக்கம் திறந்திருப்பதால் உள்ளே கைவிட்டுப் பற்றவைக்கலாம். இது சின்ன விஷயமாகத் தெரியும். மூடிய பெட்டிக்குள் சால்டரிங் அயனை நுழைக்க முடியாமல் தவித்தவர்களுக்குத்தான் அருமை தெரியும்.

சரி, விளக்குக்கு வருவோம். தட்டைப் பலகை செய்தவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சன்னலுக்குப் பின்னால் வானம் இருக்கிறது; ஒளியைப் பற்றி யோசிக்காமலேயே காலம் தள்ளலாம். சிற்பத்துக்குப் பின்னால் சுவரோ அலமாரியோ இருக்கிறது. தெளிந்த நிறக்கண்ணாடியில் செய்த பேருந்தை மேசைமேல் வைத்தால் கருத்துப்போய் நிற்கும், கூடவே அந்தப் பக்கத்துப் பற்றாசுக் கோடுகளும் ஊடாகத் தெரிந்து ஒரே குழப்பமாக இருக்கும். இதற்காகவே இருக்கிறது பால்போன்ற ஓபலெசன்ட் கண்ணாடி. அமெரிக்காவில் ஜான் லா ஃபார்ஜ், டிஃபனி என்ற இரண்டு கண்ணாடிக் கலைஞர்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் போட்டிபோட்டுக்கொண்டு வளர்த்தது. மேலே விழுகிற ஒளியிலும் நிறம் காட்டும், உள்ளே விளக்கு வைத்தால் ஒளியைப் பரப்பியும் விடும். சுவர்களுக்கு ஓபலெசன்ட், சன்னலுக்கு மட்டும் தெளிந்த கண்ணாடி என்பது என் வழக்கம்.

பேருந்தில் ஒரு வசதி உண்டு. இரவில் ஊருக்கு வெளியே சாலையோரம் நின்றுகொண்டிருக்கும்போது ஒரு பேருந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள்: சுற்றிலும் இருட்டு, உள்ளே மட்டும் வெளிச்சம், சன்னல் சன்னலாக ஆள்கள். நிஜமே ஒரு விளக்குக்கூண்டுதான். ஆகவே உள்ளே விளக்கு வைப்பது ஒட்டவைத்த அலங்காரமாகத் தெரியாது. எல்இடி பட்டையைக் கூரையின் உட்புறம் நடுவில் ஓட்டுங்கள், நிஜப் பேருந்தில் இருக்கிற இடத்திலேயே. கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினால் புள்ளி புள்ளியாகத் தெரியும். சில சென்டிமீட்டராவது விலகி இருக்கட்டும். கம்பியை வெளியே எடுக்கும் துளையையும், விளக்கு பழுதானால் கழற்றும் வழியையும் முதலிலேயே யோசித்துவிடுங்கள். நான் ஒரு நிழற்குடையில் அதை மறந்துவிட்டு, ஒரு பக்கத்தை முழுக்கப் பிரிக்க வேண்டியதாயிற்று.

விளக்கின் நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். கண்ணாடி வாங்கும் முன்பே அந்த எல்இடியைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் எதிரில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் நல்ல நீலம்கூடச் சோர்ந்துவிடும், பச்சை மஞ்சளித்துவிடும். இதை ரயில்வேக்காரர்கள் நூறு வருடத்துக்கு முன்பே படாதபாடு பட்டுக் கற்றுக்கொண்டார்கள். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள். அதன்முன் வெறும் பச்சைக் கண்ணாடியை வைத்தால் பச்சையாகத் தெரியாது. அதனால் சிக்னல் கண்ணாடியை நீலம் கலந்த பச்சையாகச் செய்தார்கள். சுடரும் கண்ணாடியும் சேர்ந்துதான் ஓட்டுநர் கண்ணுக்குப் பச்சை. பழைய ரயில் சிக்னல் வில்லை ஒன்றைப் பகலில் கையில் எடுத்துப் பார்த்தால் அந்த நீலம் பளிச்சென்று தெரியும்.

நிறக்கண்ணாடிக்கும் போக்குவரத்துக்கும் உள்ள உறவு எவ்வளவு பழையது என்பதும் இதில் தெரிகிறது. 1868-இல் லண்டனில் நாடாளுமன்றத்துக்கு வெளியே நின்ற உலகின் முதல் தெருச் சிக்னலில் எரிவாயு விளக்கின்முன் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடிகள் இருந்தன. யோசனை, ஜே. பி. நைட் என்ற ரயில்வே சிக்னல் பொறியாளருடையது. அடுத்த ஜனவரியிலேயே அது வெடித்து, இயக்கிக்கொண்டிருந்த காவலருக்குக் காயம். ரயில்பாதையில் அப்போது வெள்ளை என்றால் ‘போ’, பச்சை என்றால் ‘பார்த்துப் போ’. ஒரு சிவப்புக் கண்ணாடி கழன்று விழுந்துவிட்டால் ‘நில்’ என்பது வெறும் விளக்காகி ‘போ’ என்று சொல்லிவிடும்! வெள்ளையைக் கைவிட்டுப் பச்சையைப் ‘போ’ ஆக்கியதற்கு இந்த ஆபத்து ஒரு முக்கியக் காரணம். கையோடு இதையும் சொல்லிவிடுகிறேன்: சூடான ரயில் விளக்குக் கண்ணாடி மழைத்துளி பட்டு வெடிக்கக் கூடாது என்று கார்னிங் நிறுவனம் உருவாக்கிய கண்ணாடியின் வழிவந்ததுதான் 1915-இல் சமையலறைக்கு வந்த பைரெக்ஸ்.

தெரு தன்னையறியாமல் செய்த வண்ணக்கண்ணாடியும் உண்டு. நிலவறைகளுக்கு வெளிச்சம் போக நடைபாதையில் இரும்புச் சட்டம் போட்டு, அதில் கண்ணாடிக் கட்டிகளைப் பதிப்பது 19-ஆம் நூற்றாண்டு வழக்கம். தாடியஸ் ஹயட் 1845-இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றார். கண்ணாடியில் இரும்பின் பச்சைச் சாயல் தெரியாமலிருக்க மாங்கனீசு சேர்த்தார்கள். வருடக்கணக்கில் வெயில் பட்டுப் பட்டு அந்த மாங்கனீசு கண்ணாடியை ஊதாவாக்கிவிட்டது. சியாட்டிலில் இன்றும் ஊதாக் கட்டங்கள்மேல் மக்கள் நடந்துபோகிறார்கள். யாரும் திட்டமிடாத நிறம்.

பாதாளச் சாக்கடை மூடி செய்ய நினைப்பதாகச் சொன்னீர்களே, அதற்குச் செப்பு நாடாவைவிட இந்தத் தடித்த கண்ணாடி வழிதான் சரி. பிரான்சில் 1920-களில் தொடங்கிய முறை ஒன்று இருக்கிறது: சுமார் இரண்டரை செ.மீ. தடிமனான வார்ப்புக் கண்ணாடியைச் சுத்தியலால் உடைத்து, ஓரங்களைச் செதுக்கி, நடுவே சிமெண்ட் ஊற்றுவார்கள். பிற்பாடு சிமெண்டுக்குப் பதில் எபாக்சி என்ற இறுகும் பிசின் வந்தது. கோடு மெல்லியதாக இருக்காது, பட்டையாகக் கறுப்பாக இருக்கும். வார்ப்பிரும்பு மூடிக்கு வேறென்ன வேண்டும்? கால் வழுக்காமலிருக்க மூடியில் எழும்பி நிற்கிற கட்டங்களைக் கண்ணாடியாக்கி, பள்ளங்களை எபாக்சியாக்கிவிடுங்கள். நியூயார்க்கின் உயர்பாதை ரயில் நிலையங்களில் இந்த வகைக் கண்ணாடி வேலைகள் நிறைய உண்டு. ஓவியர் ரொமாரே பியர்டனின் வடிவத்தை வைத்து 1993-இல் வெஸ்ட்செஸ்டர் சதுக்க நிலையத்தில் அமைத்தது அவற்றில் ஒன்று. ரயில் போகிற அதிர்வைத் தினமும் தாங்குகிற இடம் அது.

வெளியில் வைத்தால் தாங்குமா என்றால், செப்பு நாடா வேலையை வைக்காதீர்கள். வெயிலில் பசை இளகும், மழையில் பற்றாசு வெளுக்கும், தொடுகிறவர்கள் கையில் ஈயம் ஒட்டும். மொட்டைமாடித் தொட்டியைப் பார்க்க வேண்டுமானால் சிற்பி டாம் ஃப்ரூயின் 2012-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு கட்டடத்து உச்சியில் நிறுத்தியதைப் பாருங்கள். நியூயார்க் மாடிகளில் நிற்கிற அதே மரத்தொட்டி வடிவம். இரும்புச் சட்டத்தில் சுமார் ஆயிரம் வண்ணத் துண்டுகள். பகலில் வெயில், இரவில் உள்ளே விளக்கு. தூரத்திலிருந்து வண்ணக்கண்ணாடி என்றுதான் நினைப்பீர்கள். அத்தனையும் கழித்துப்போட்ட அக்ரிலிக் பிளாஸ்டிக் துண்டுகள். ஏமாற்று என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள்; எனக்கு அப்படித் தோன்றவில்லை. காற்றடிக்கிற கூரையில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கீழே நடக்கிறவர் தலைக்கு யார் பொறுப்பு? கண்ணாடிதான் வேண்டுமென்றால் இரண்டு தகட்டுக்கு நடுவே படலம் வைத்து லேமினேட் செய்ததைப் பயன்படுத்துங்கள், உடைந்தாலும் சிதறாது.

கூரைக்குள் என்றால் அளவுக்கு எல்லையே இல்லை. தைவானின் காவ்சியூங் நகரத்து ஃபார்மோசா புலிவார்ட் மெட்ரோ நிலையத்தில் நார்சிஸஸ் குவாலியாட்டா அமைத்த குவிமாடம் 30 மீட்டர் விட்டம், 4,500 கண்ணாடிப் பலகைகள். மாஸ்கோவின் நோவஸ்லபோட்ஸ்கயா நிலையத்தில் 1952 முதல் 32 பலகைகள் பின்னால் விளக்கோடு நிற்கின்றன. மண்ணுக்கடியில் வெயில் ஏது? மான்ட்ரியாலின் ஷான்-த-மார்ஸ் நிலையத்தில் மார்செல் ஃபெரோன் 1968-இல் செய்தது இதற்கு நேரெதிர். தரைக்கு மேலே இருக்கிற முகப்பில் கண்ணாடியை வைத்து, வெயிலையே நிறமாக்கிக் கீழே இறக்கிவிட்டார். நேரம் போகப் போக நிறங்கள் தரையில் நகரும்.

இப்போது அந்தப் பொம்மைச் சந்தேகம். பொம்மையாவது எல்லாவற்றையும் வைப்பதால்தான். வழித்தட எண், கண்ணாடித் துடைப்பான், பக்கவாட்டுக் கண்ணாடி, முகப்பு விளக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் அளவு குறைத்த மாதிரி வண்டிதான் கிடைக்கும். டயரோடு நான் நாள்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன். கறுப்புக் கண்ணாடி விளக்கில் செத்த மாதிரி இருக்கும், ஒளியே வராது. அடர் ஊதா வைத்தால் திராட்சை மாதிரி இருந்தது. கடைசியில் சக்கரங்களையே எடுத்துவிட்டேன். அப்போதுதான் அந்தப் பெட்டி இருட்டில் மிதந்து வருகிற பேருந்தாகத் தெரிந்தது. பாரிஸில் பாலே ருவாயால் மெட்ரோ வாசலுக்கு ழான்-மிஷேல் ஒத்தோனியேல் 2000-இல் வைத்த கூண்டைப் பார்த்தால் விஷயம் விளங்கும். அலுமினியக் கம்பிகளில் கோத்த வண்ணக்கண்ணாடி மணிகள், மேலே இரண்டு குவிமாடம். எந்த வண்டியின் உருவமும் அதில் இல்லை. ஆனால் அதன் வழியாக இறங்கித்தான் ரயிலுக்குப் போகிறார்கள்.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தட்டை வேலையிலேயே பழகியிருப்பீர்கள். கண்ணாடி விளிம்பைத் தேய்க்கும் கிரைண்டரில் தண்ணீர் வற்றக் கூடாது, பற்றாசு பிடிக்கத் தடவும் ஃப்ளக்ஸின் புகைக்குச் சன்னலைத் திறங்கள், சாப்பிடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெட்டி வேலையில் புதிதாகச் சேர்வது ஒன்று: உள்மூலையில் பற்றவைக்கும்போது முகத்தைக் குனிந்து உள்ளேயே நீட்டுவீர்கள், புகையெல்லாம் நேராக மூக்குக்கு வரும். சின்ன மின்விசிறி ஒன்றைப் பக்கவாட்டில், புகையை உங்களைவிட்டு இழுத்துப்போகும்படி வையுங்கள்.

நிழற்குடையைத் தொடங்கும் முன் தடித்த அட்டையில் முழு அளவில் ஒன்று வெட்டி ஒட்டிப்பாருங்கள். அதற்குள் விளக்கைப் போட்டு, அறையை இருட்டாக்கி, அது உட்காரப்போகிற இடத்திலேயே வைத்து ஒரு ராத்திரி பாருங்கள். எந்தச் சுவர் வழியாக வெளிச்சம் வர வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்று பென்சிலால் அட்டையிலேயே எழுதிவிடலாம். பின் சுவரில் விளம்பரப் பலகை இருக்கிற இடம்தான் எப்போதும் அதிகமாக ஒளிரும். என்னிடமிருக்கும் நல்ல சிவப்புத் தகட்டை நான் அதற்குத்தான் எடுத்துவைப்பேன்.